திருப்பத்தில் நின்ற ஓதாகிரி

ஜப்பானிய ஷோவா ஆண்டுக்கணக்கில் முப்பத்தேழாம் வருடம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு நாகிசாவாவின் ஹபுகியா வெந்நீர் விடுதியிலிருந்து விடைபெற்றுப் போன ஓதாகிரி என்ற விருந்தாளி, அதற்குப் பிறகு பத்தொன்பது வருடங்கள் கண்ணைவிட்டு மறையவில்லை. அந்த வாரம் பனி ஆறடிக்கு மேல் விழுந்திருந்தது, பேருந்து நின்றுபோயிருந்தது, முள்ளங்கி விலை ஏறியிருந்தது. ஓதாகிரிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. மலைப்பள்ளிக்கூடங்களில் இருக்கும் கால்மிதி ஆர்மோனியங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கட்டைகளை அழுத்தி அழுத்தி வலது மணிக்கட்டு வீங்கிப்போய், ஹபுகியாவின் பால்போன்ற கந்தக நீரில் ஏழு நாள் ஊறிவிட்டு, ஒரு கையில் பையும் மறு கையில் தொப்பியுமாக ரயிலடிக்கு நடந்தே கிளம்பினார். அதிகம் பேசாத மனிதர். ஏழு நாளில் அவர் கேட்டது இரண்டாவது கிண்ணம் சோறு மட்டும்தான்.

ஹபுகியாவில் விருந்தாளி கிளம்பினால் எஜமானியும் பணிப்பெண்களும் வாசலுக்கு வெளியே வரிசையாக நிற்பார்கள். விருந்தாளி ஆற்றங்கரைச் சாலையில் நடந்து, தேவதாரு மரங்கள் அடர்ந்த மலைத்திருப்பத்தை அடைய நாலு நிமிடமாகும். அங்கே அவர் ஒருமுறை திரும்பிக் குனிவார். வாசலில் நிற்பவர்கள் அவரைவிட அதிகமாகக் குனிய வேண்டும். அவர் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் யாரும் வாசல்படி ஏறலாம். மழையோ பனியோ, அடுப்பில் என்ன தீய்ந்தாலும், இந்த நாலு நிமிடத்தில் மாற்றம் கிடையாது. அந்தக் காலையில் மூன்றாவது நிமிடத்தில் உள்ளே டெலிபோன் அடித்தது. பள்ளத்தாக்குக்கே முதல் டெலிபோன் அது, வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எஜமானி மிசாவோவுக்கு முப்பத்தொரு வயது. மாமியார் தோமே இடுப்புப் பிடிப்பில் படுத்திருந்ததால் முழுப் பொறுப்பும் அவள் தலையில் இருந்தது. மணியைக் கேட்டதும் திரும்பி உள்ளே ஓடினாள். அவள் திரும்பியதைப் பார்த்துப் பணிப்பெண்களும் திரும்பினார்கள். சென்டாயிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் நாற்பது பேருக்கு இடம் கேட்டார். மிசாவோ சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தூரத்துத் திருப்பத்தில் அரிசிமணி உயரமாகத் தெரிந்த ஓதாகிரி ஆளில்லாத வாசலைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தார்.

அவளும் பதறிக் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். மறுபடி குனிந்தாள், நிமிர்ந்தாள், நின்றுகொண்டிருந்தார். பதினேழு முறை இப்படி ஆனது. வெட்கப்பட்டு நிற்கிறாரோ, கால் சுளுக்கிவிட்டதோ என்று தலைமைப் பணிப்பெண் ஹட்சுயேயை அனுப்பினாள். ஹட்சுயே திருப்பம் வரை போய், சுற்றிப் பார்த்து, ரயிலடிப் பக்கமும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, அங்கே ஆளும் இல்லை, திருப்பத்தைத் தாண்டிக் காலடித் தடமும் இல்லை என்றாள். அவள் அங்கே நின்று சுற்றிப் பார்த்தபோது, அவர் அவளுக்குப் பக்கத்தில் தொப்பியும் கையுமாக நின்றதை மிசாவோ வாசலிலிருந்து கண்ணால் பார்த்தாள். 

நாலாம் நாள் ஓதாகிரியின் மனைவி ஷிகே சென்டாயிலிருந்து வந்து சேர்ந்தாள். பொத்தான் கடை வைத்திருப்பவள், உயரமானவள், குரல் பெரிது. புருஷன் வீடு வந்து சேரவில்லை என்று புகார் எழுதிக் கொடுக்கக் காவல் சாவடிக்குப் போனாள். போலீஸ்காரர் விடுதி வாசல் வரை வந்து பார்த்தார். "அதோ நிக்கிறாரேம்மா. கண்ணுக்கு முன்னால நிக்கிற ஆளைக் காணலைன்னு நான் எப்படி எழுதறது?" என்று சொல்லி, ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஷிகே பனியில் ஓடினாள். திருப்பத்தில் நின்று கையை அப்படியும் இப்படியும் வீசினாள். அவளுடைய கை அவருடைய மார்பின் வழியாகப் போய்வந்ததை வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். விடுதிக்குத் திரும்பி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, மூச்சிரைக்க, மிசாவோவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒழுங்காத்தானே வழியனுப்புனீங்க?"

மிசாவோ பாயில் இரண்டு கையையும் ஊன்றி நெற்றி தரையில் படக் குனிந்து, "அவரு திரும்பிக் குனிஞ்சப்ப எல்லாரும் வாசல்லதான் நின்னோம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹட்சுயே பாயின் ஓரத்தைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியம்தான் பிற்பாடு மிசாவோவின் உயிரை அரித்தது. வழியனுப்பத் தெரியாத வீடு என்று பெயர் வந்தால், நூற்றெண்பது வருட விடுதியின் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படி எண்ணித்தான் சொன்னாள். சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. விடுதிக்குள் எங்கிருந்து அந்தத் திசையைப் பார்த்தாலும் ஓதாகிரி தெரிந்தார். சுவர் தெரியும், சுவருக்கு முன்னால் அவரும் தெரிவார். பெண்களின் திறந்தவெளிக் குளத்திலிருந்தும் தெரிந்ததால் முதல் வருடம் சில பெண்கள் முகம் சுளித்தார்கள். மூங்கில் தட்டி கட்டிப் பார்த்தார்கள், தட்டிக்கு இந்தப் பக்கம் தெரிந்தார். மாமியார் தோமே கழுத்தளவு நீரில் உட்கார்ந்து அரைமணி நேரம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு பாக்கறது வாசலை. உங்களை ஒண்ணும் இல்லை. அரிசிமணிக்குப் பயந்து கூச்சப்படறதா?" என்று தீர்ப்புச் சொன்னாள். கோயில் பூசாரி மூன்று நாள் ஓதினார், அரிசிமணி அளவுகூடக் குறையவில்லை. நாற்பது பேர் கம்பெனிக் கூட்டம் வந்து, நீரில் இருந்தபடியே அவருக்கு மதுக்கிண்ணத்தை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனது. ஜூலையில் சிள்வண்டுகள் காது கிழியக் கத்தும்போதும் அவருடைய தோளில் பனி அப்படியே இருந்தது. மற்றவர்கள் அதை வேடிக்கையாகச் சொன்னார்கள். மிசாவோ மட்டும் அந்தத் தோளைப் பார்த்த அன்று இரண்டு போர்வை போர்த்திப் படுத்தாள். அதற்கப்புறம் அவரைப் பார்ப்பதையே விட்டாள்.

வீட்டில் இருந்துகொண்டே ஒரு திசையைப் பார்க்காமல் வாழ்வது லேசில்லை. மிசாவோ சமையலறைப் பின்வாசல் வழியாகவே போய்வந்தாள். சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போகும்போது நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தாள். குளிப்பதற்கு உள்குளத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கடைசிவரை சரியாகவில்லை. வழியனுப்பும்போது மட்டும் தப்பிக்க வழியில்லை, அந்தச் சாலையைப் பார்த்துத்தான் நின்றாக வேண்டும். அதனால் விருந்தாளி செருப்பை மாட்டியதுமே குனிந்துவிடுவாள். நெற்றி முழங்காலில் முட்டும் அளவுக்குக் குனிந்து, ஹட்சுயே முதுகைத் தொட்டு "போயாச்சும்மா" என்று சொல்லும்வரை நிமிர மாட்டாள். வடகிழக்குப் பகுதியிலேயே இவ்வளவு ஆழமாகக் குனியும் எஜமானி கிடையாது என்று பயணப் பத்திரிகை ஒன்று படத்தோடு எழுதியது. அந்தக் குனிதலைப் பார்க்கவே டோக்கியோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடுதி செழித்தது, புதிதாக ஒரு கட்டடமும் எழும்பியது. அவ்வளவும் பயம் சம்பாதித்துக் கொடுத்தது. மாமியாருக்குச் சந்தேகம் விடவில்லை. "நல்லா வழியனுப்புன விருந்தாளி எதுக்குடி நிக்கிறாரு?" என்று சோயாச்சாறு ஊற்றும்போதும் கேட்பாள், கால் பிடித்துவிடும்போதும் கேட்பாள். "எனக்கென்ன அத்தை தெரியும்" என்பாள் மிசாவோ. எட்டாம் வருடம் தோமே இறந்தாள். கேள்வி வீட்டிலேயே இருந்தது.

ஷிகே வருடம் தவறாமல் பிப்ரவரியில் வந்து, ஏழு நாள் அதே ஆற்றுப்பக்க அறையில் தங்கினாள். ஒரு நாளைக்கு மூன்று முறை குளத்தில் இறங்கினாள். உப்புத் தடவிச் சுட்ட ஆற்றுமீனைத் தலைவரை தின்றாள். பஞ்சு வைத்துத் தைத்த குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புருஷனிடம் ஊருக்கே கேட்கும்படி பேசினாள். "ஏங்க, கூரை ஒழுகுது, இந்த வருஷம் மாத்திட்டேன். உங்க தங்கச்சிக்கு மூணாவதும் பையன். நீங்க அந்தக் கோட்டை எப்பத்தான் கழட்டப் போறீங்களோ." உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மிசாவோவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும். சாயங்காலம் குளத்தில் ஷிகேயின் முதுகைத் தேய்த்துவிடுவது அவள் வழக்கம். வேறு எந்த விருந்தாளிக்கும் அவள் அதைச் செய்ததில்லை. ஷிகேயை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பிடித்துப்போனதால் பயம் இன்னும் கூடியது. ஐந்தாம் வருடம் ஷிகேதான் சொன்னாள்: "மிசாவோ, பாத்தியா? அவரு வளந்திருக்காரு. போன வருஷம் அரிசி, இப்ப அவரைக்கொட்டை."

அவர் வந்துகொண்டிருந்தார். கால் அசையவில்லை, முகம் வாசலைப் பார்த்தபடியே இருந்தது, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். பத்தாம் வருடம் கட்டைவிரல் உயரம். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், தூரம் குறையக் குறைய வளர்ச்சி வேகமெடுக்கும் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டி, ஷோவா ஐம்பத்தாறு பிப்ரவரி பன்னிரண்டு காலையில் விருந்தாளி வாசலுக்கு வந்து சேருவார் என்று கணக்கிட்டார். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். மிசாவோவின் புருஷன் ஷுன்கிச்சி சமையலறையில் இருந்து எட்டிப்பார்த்து, வந்தால் அவருக்கு என்ன சமைப்பது என்று கேட்டான். அவ்வளவுதான் அவனுக்குக் கவலை. மிசாவோ அன்றிலிருந்து வருடங்களை எண்ணத் தொடங்கினாள். பதினைந்தாம் வருடம் மரப்பொம்மை உயரம். பதினாறாம் வருடம் ஹட்சுயே ஒரு நாள் காலையில் முகம் வெளுத்து வந்து நின்றாள்.

"அம்மா, அவரு வாயி தொறந்திருக்கு. எதையோ சொல்லிக்கிட்டிருக்காரு."

"என்ன சொல்றாரு?"

"கேக்கலையே. இன்னும் கிட்ட வரணும்."

அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது மிசாவோவுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாருமே இல்லை. அதை அவர் ஷிகேயின் முன்னால் சொல்வார். ஷிகே தன்னைத் திரும்பிப் பார்ப்பாள். அதற்கப்புறம் என்ன என்று மிசாவோவால் நினைக்கவே முடியவில்லை. பகலில் தட்டுகளைக் கீழே போட்டாள். பதினேழாம் வருடம் அவர் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம், பதினெட்டாம் வருடம் கோட்டில் மூன்றாவது பொத்தான் தொங்குவது தெரிந்தது. அங்கிருந்து இழுத்துவிடும் மூச்சின் ஆவிகூடத் தெரிவதாகப் பணிப்பெண்கள் சொன்னார்கள். விடுதியை விற்றுவிட்டு ஓசாகாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். பெட்டியும் கட்டினாள். ஆனால் ரயிலடிக்குப் போக அந்தச் சாலை ஒன்றுதான் உண்டு.

ஷோவா ஐம்பத்தாறு பிப்ரவரி பதினொன்றாம் தேதி மாலை, வெளிச்சம் போவதற்குள், மிசாவோ உள்குளத்தில் ஷிகேயின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. ஷிகேக்கு அறுபது வயது, முதுகுத்தோல் தளர்ந்திருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். முதுகைப் பார்த்ததால் சொல்ல முடிந்தது.

"நான் பொய் சொல்லிட்டேன். அவரு திரும்பிக் குனிஞ்சப்ப நான் வாசல்ல இல்ல. போன் அடிச்சுது, உள்ள ஓடிட்டேன். நான் ஓடுனதைப் பாத்து எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. ஒருத்தர்கூட நிக்கல."

 ஷிகே மரவாளியில் வெந்நீரை மொண்டு, திரும்பி, மிசாவோவின் மூஞ்சியில் ஊற்றினாள். "பத்தொம்பது வருஷம்! என் முதுகைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலையே எடுத்தே. ஒரு தடவை வாயத் தொறந்தியா, பாவி?" இன்னொரு வாளி. மிசாவோ கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது வாளியை மொண்ட ஷிகே அதை ஊற்றவில்லை. கீழே வைத்துவிட்டு, "அந்தப் பக்கம் திரும்பு" என்றாள். மிசாவோ திரும்பினாள். ஷிகே துணியை எடுத்து அவள் முதுகைத் தேய்க்கத் தொடங்கினாள், அழுத்தமாக, வலிக்க வலிக்க.

"அவரு இங்க கிளம்பி வந்த அன்னிக்கி எங்களுக்குள்ள சண்டை. எதுக்குன்னுகூட மறந்துபோச்சு. போயிட்டு வரேன்னு வாசல்ல நின்னு ரெண்டு தடவை சொன்னாரு. நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். கேட்டுது. இறங்கி வரல. வருஷா வருஷம் நான் வந்து கத்தறேனே, புருஷன் மேல ஆசைன்னா நெனச்சே? அவரு வாயத் தொறந்து எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லிடுவாரோன்னு பயம். நான் நிறுத்தாம பேசிக்கிட்டே இருந்தா அவருக்கு இடம் கெடைக்காதுன்னு பேசுனேன்."

நீர் குழாயிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அந்தக் கந்தகப் புகையில் அழுவது சுலபம், யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் ஷிகேதான் எழுந்தாள். காலை ஏழு மணிப் பேருந்தில் ஊருக்குப் போகிறேன் என்றாள். மிசாவோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாளைக்கா? நாளைக்குத்தானே அவரு வராரு!"

"இங்க வராரு. ஒழுங்கா வழியனுப்புனா அடுத்து எங்க போவாரு? வீட்டுக்குத்தானே. வீடு பூட்டிக் கெடந்தா? இந்தத் தடவை நான் வாசல்ல நிக்கணும்."

"நான் தனியாவா அவரைப் பாக்கணும்? எனக்குப் பயமா இருக்கு, அக்கா."

"தனியாத்தானே விட்டே. தனியாவே நில்லு."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓதாகிரி வாசலில் இருந்தார். ஆள் உயரம், கை எட்டும் தூரம். வயது நாற்பத்திரண்டுதான். தோளில் பனி, கையில் தொப்பி. பணிப்பெண்கள் வரிசையாக நின்றார்கள், இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஷுன்கிச்சி கரண்டியோடு வந்து நின்றான்.  பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக மிசாவோ அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. குனிந்த குனிதலுக்குப் பதில் வராமல், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கும் ஒரு மனிதனின் முகம் அது. அவரும் பயந்துபோயிருந்தார். அவருடைய வாய் அசைந்தது, இப்போது குரல் கேட்டது. "ஏழு நாளும் நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க. போயிட்டு வரேன்." அவ்வளவுதான். பதினாறாம் வருடத்திலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

மிசாவோ மூன்று வருடமாக ஒரு நீண்ட மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "அன்னிக்கி நான் உள்ள போயிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "அப்படிங்களா" என்றார் ஓதாகிரி, மரியாதைக்காகக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டு. பிறகு எல்லா விருந்தாளிகளும் சொல்வதையே சொன்னார்: "குளிருதும்மா. நிக்க வேணாம், உள்ள போங்க." அந்தச் சொல்லைக் கேட்டும் மிசாவோ இடத்தை விட்டு நகரவில்லை. "நீங்க பாத்துப் போங்க. மறுபடியும் வாங்க" என்றாள்.

அவர் நடந்தார். இந்த முறை கால் அசைந்தது, பனியில் தடம் விழுந்தது. முதல் நிமிடம், இரண்டாம் நிமிடம். மிசாவோ இமைக்காமல் பார்த்தாள், கண்ணில் நீர் வழிந்தது. மூன்றாம் நிமிடத்தில் அவளுக்குப் பின்னால் புதுக்கட்டடத்துக் கூரைப்பனி மொத்தமும் சரிந்து இடிபோல விழுந்தது. யாரோ அலறினார்கள். மரம் முறியும் சத்தமும், ஷுன்கிச்சி அவள் பெயரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டது. அவனுக்கு என்ன ஆனது என்று பார்க்க உடம்பு முழுவதும் திரும்பத் துடித்தது. திரும்பவில்லை. திருப்பத்தில் ஓதாகிரி நின்று, திரும்பி, குனிந்தார். அவரைவிட அதிகம் குனிய வேண்டும், ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது. மிசாவோ இடுப்பை மடித்து, பிடித்துக்கொண்ட கழுத்தை ஆமைபோல மேலே நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தாள். பத்திரிகைக்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஓதாகிரி தேவதாரு மரங்களுக்குப் பின்னால் போனார். அங்கே தேவதாரு மரங்கள் மட்டும் இருந்தன. அதற்கப்புறம்தான் அவள் திரும்பினாள். ஷுன்கிச்சி இடுப்பளவு பனியில் புதைந்து, கரண்டியை விடாமல் நின்றுகொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து ஷிகேயிடமிருந்து கடிதம் வந்தது. அன்று மாலை ஆறு இருபதுக்கு அவர் வந்து சேர்ந்தார், நான் வாசலில் நின்றேன், கூரையை எப்போது மாற்றினாய் என்று கேட்டார், சண்டையைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை என்று எழுதியிருந்தாள். எனக்கு அறுபது, அவருக்கு நாற்பத்திரண்டு, கடைக்கு வருபவர்கள் உங்கள் மகனா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன், விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்றும் எழுதியிருந்தாள். மணிக்கட்டு வலி இன்னும் முழுசாகப் போகவில்லையாம், ஆகவே வருகிற பிப்ரவரியில் இரண்டு பேராக வருகிறோம். மிசாவோ கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். பிறகு முன்பதிவு நோட்டைத் திறந்து, ஆற்றுப்பக்க அறை, ஓதாகிரி, இருவர், ஏழு இரவு என்று எழுதினாள்.